பத்துக்குப் பத்து அறையில் பாட்டுக் கேட்க எந்த ஸ்பீக்கர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுக்குமாடி வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று ஒதுக்க முடிகிற அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து, இல்லையென்றால் பத்துக்கு எட்டு. கான்கிரீட் கூரை, செங்கல் சுவர், டைல்ஸ் தரை. கட்டிலும் பீரோவும் போக மிஞ்சுகிற இடம்தான் ஸ்பீக்கருக்கு. இப்படி ஒரு அறையை வைத்துக்கொண்டு நல்ல ஸ்டீரியோ தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. இரண்டு ஸ்பீக்கரில் இசை கேட்பதைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறோம்.

சின்ன அறையில் பேஸ் (தாழ்ந்த ஒலி) ஏன் ஒரு பாட்டில் கும்மென்று அடிக்கிறது, இன்னொரு பாட்டில் காணாமலே போகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானே வந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒலி எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. ஓர் ஒலியின் அலைநீளம் அறையின் நீளத்தைப் போல இரண்டு மடங்காக அமைந்துவிட்டால், போகிற அலையும் வருகிற அலையும் சேர்ந்து அந்த ஒரு சுருதியை மட்டும் ஊதிப் பெருக்கும். கணக்கு எளிது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். 10 அடி என்றால் 3.05 மீட்டர், விடை 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 அதிர்வு. 8 அடிக்கு 71 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47. இவற்றின் மடங்குகளிலும் இதுவே நடக்கும். 10 அடிக்கு 57, அப்புறம் 113, அப்புறம் 170 என்று போகும்.

இப்போது நம் ஊர் அறையைப் பாருங்கள். நீளம் 10 அடி, அகலம் 10 அடி, கூரையும் தரையிலிருந்து ஏறத்தாழ 10 அடி. மூன்று திசையும் ஒரே 57 ஹெர்ட்ஸைத் தூக்கிவிடுகின்றன. கனசதுரம் போன்ற அறைதான் பேஸுக்கு மிக மோசமான வடிவம், நமக்கு அமைவதோ அடிக்கடி அதுதான். பேஸ் கிட்டார் அந்தச் சுருதிக்குப் பக்கத்தில் வரும்போது சுவரே அதிர்கிறது, நாலு சுரம் தள்ளிப் போனால் ஆளையே காணோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலி பட்டதும் அது லேசாக வளைந்து கொஞ்சம் ஆற்றலை விழுங்கும், கொஞ்சத்தை வெளியே விடும். நம் செங்கலும் கான்கிரீட்டும் இம்மி அசையாது, பேஸ் முழுவதும் உள்ளேயே சுற்றும். எனவே அங்கிருந்து வரும் விமர்சனங்களில் “இந்த ஸ்பீக்கருக்குப் பேஸ் போதவில்லை” என்று படித்தால் பயப்பட வேண்டாம். நம் அறையில் அதுவே சரியாக அமையக்கூடும்.

இந்த அளவு அறையில் ஏறத்தாழ 250 முதல் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உங்கள் காதில் விழுவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அறைதான். அதற்கு மேலேதான் ஸ்பீக்கரின் குணம் தெளிவாகத் தெரியும். இதனால்தான், சின்ன அறைக்கு ஸ்பீக்கர் தேடும்போது பேஸுக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். குரலும் நடு ஒலிகளும் சுத்தமாக வரும் சின்னப் பெட்டியை வாங்குங்கள், கிட்ட உட்காருங்கள். மிச்சப் பணமும் முழு உழைப்பும் வைக்கும் இடத்துக்கும் அறைக்கும் போகட்டும்.

அப்படியென்றால் டவர் ஸ்பீக்கர் வாங்கவே கூடாதா?

பத்துக்குப் பத்தில் வேண்டாம் என்பது என் முடிவு. தரையில் நிற்கும் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிக்கான வூஃபர்களும் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டரும் மேலும் கீழுமாக விலகி இருக்கும். ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்தால்தான் அவை எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே ஒலியாகக் காதுக்கு வரும். நாலடியில் உட்கார்ந்தால் பாடகரின் வாய் ஓரிடம், நெஞ்சு ஓரிடம் என்று குரல் பிரிந்து நிற்கும். அதோடு அந்த வூஃபர்கள் 40 ஹெர்ட்ஸ் வரை தாராளமாகக் கொட்டும், அதை வாங்கிக்கொள்ள இந்த அறையில் இடமில்லை. ஏற்கெனவே வீட்டில் டவர் இருந்தால் ஹாலுக்கு மாற்றிவிடுங்கள், அங்கே நன்றாகப் பாடும்.

எத்தனை இஞ்ச் வூஃபர் சரி?

நாலு அல்லது ஐந்து இஞ்ச். மேசைக்கு மட்டும் என்றால் மூன்று இஞ்ச்கூடப் போதும். ஆறரை இஞ்ச் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பேஸைக் குறைக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். எட்டு இஞ்ச் வேண்டவே வேண்டாம்.

தோராயமாகச் சொன்னால் மூன்று இஞ்ச் 70 ஹெர்ட்ஸுக்கு அருகிலேயே இறங்கத் தொடங்கிவிடும். நாலு இஞ்ச் 60 வரை, ஐந்து இஞ்ச் 50 வரை, ஆறரை 40 வரை போகும். நீங்கள் கேட்கும் இசைக்கு எது வேண்டும் என்று பாருங்கள். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய சட்ஜம் 131 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருக்கும். அவருடைய தம்புராவின் மந்தர சட்ஜம் 65. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரல் இதற்கெல்லாம் வெகு மேலே. ஆகக் கர்நாடக இசைக் கச்சேரி முழுவதையும் ஒரு நல்ல ஐந்து இஞ்ச் வூஃபர் தாங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்காரம்கூட அதில் அழகாக வரும்.

திரைப்பாட்டு வேறு. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆனால் அந்தத் தந்தியை மீட்டும்போது 82, 123 என்று மேல் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அவை சுத்தமாகக் கேட்டால் அடியில் இருப்பதை மூளையே நிரப்பிக்கொள்ளும். எண்பதுகளின் பாட்டுகளில் ஓடும் பேஸ் கிட்டாரைச் சின்னப் பெட்டியில் ஒரு சுரம் விடாமல் பின்தொடர முடிவது இதனால்தான். இன்றைய பாட்டுகளில் வரும் சிந்தசைசர் பேஸ் 35, 40 ஹெர்ட்ஸில் நிற்கும், அதற்கு மேல் மடங்குகளும் குறைவு. அதுதான் உங்கள் உயிர் என்றால் சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) பற்றிய கேள்விக்குப் போங்கள்.

சின்ன இடத்துக்கென்றே யாராவது ஸ்பீக்கர் வடிவமைத்திருக்கிறார்களா?

ஆமாம், அதற்கு ஒரு நல்ல வரலாறே இருக்கிறது. பிரிட்டனின் பிபிசி நிறுவனம் 1970களில் இதே சிக்கலில்தான் இருந்தது. வெளிப்புற ஒலிபரப்புக்குப் போகும் வேன்களுக்குள், ஒலியைச் சோதித்துக் கேட்கும் பெரிய மானிட்டர் ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. ஹெட்ஃபோனில் கேட்டு ஒலியின் தரத்தை முடிவு செய்வதும் அவர்களுக்குத் திருப்தி தரவில்லை. ஸ்டுடியோக்களின் சிறு மாதிரிகளைக் கட்டி ஒலியியல் சோதனை செய்வதற்காக உருவாக்கிய ஒரு குட்டி ஸ்பீக்கர் அவர்களிடம் இருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் எல்எஸ்3/5ஏ.

சுமார் 5 லிட்டர் கொள்ளளவு, ஓர் அடி உயரம், எல்லாப் பக்கமும் மூடிய பெட்டி. உள்ளே கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும். பிபிசியின் ஆய்வுத் துறை 1976இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத், கெஃப் என்று பல நிறுவனங்கள் உரிமம் பெற்று இதைச் செய்து விற்றன.

இதில் ஆழ்ந்த பேஸ் கிடையாது. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு லேசான மேடு மட்டும் உண்டு. பேஸ் இருப்பதாகக் காது ஏற்றுக்கொள்ள அது போதும். அதிகச் சத்தமும் வராது, உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் வரும் சத்தத்தின் அளவு) 82, 83 டெசிபல்தான். ஆனால் மூன்று நாலு அடியில் உட்கார்ந்து ஒரு மனிதக் குரலைக் கேட்டால் ஆள் எதிரில் இருப்பது போலவே இருக்கும். ஒரு வேனுக்குள் பேச்சும் பாட்டும் சரியாக இருக்கிறதா என்று அறியத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் துணிந்து விட்டுவிட்டார்கள். இன்றும் இதைப் புதிதாகச் செய்கிறார்கள், விலைதான் நெஞ்சைச் சுடும். இதையே வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. சின்ன அறைக்கான எந்த ஸ்பீக்கரைப் பார்த்தாலும் அந்தத் துணிச்சல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்பெத் பி3ஈஎஸ்ஆர் அதே வழியில் வந்த, இன்னும் விற்பனையில் உள்ள மூடிய பெட்டி.

கெஃப் நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி வெளியிட்ட எல்எஸ்50 இன்னொரு வழியைக் காட்டுகிறது. வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து பாடுவதால் எவ்வளவு கிட்டப் போனாலும் ஒலி பிரியாது. சின்ன அறையில் இது உண்மையிலேயே பெரிய வசதி.

பின்னால் ஓட்டை உள்ள பெட்டியைச் சுவரோரம் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் தெரிந்து வைக்க வேண்டும். அந்த ஓட்டையை போர்ட் என்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்றை ஒரு குறிப்பிட்ட சுருதியில் அதிரவைத்து பேஸைக் கூட்டுவது அதன் வேலை. போர்ட் உள்ள பெட்டி அந்தச் சுருதிக்குக் கீழே சட்டென்று விழும், ஓர் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 24 டெசிபல். மூடிய பெட்டி மெதுவாக இறங்கும், ஓர் ஆக்டேவுக்கு 12 டெசிபல். சின்ன அறை தாழ்ந்த ஒலிகளைத் தானே தூக்கிக்கொடுப்பதால், மெதுவாக இறங்கும் மூடிய பெட்டி அதோடு நன்றாகப் பொருந்துகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்த அறைக்கு மூடிய பெட்டி என்பேன்.

சந்தையில் கிடைப்பதோ பெரும்பாலும் போர்ட் உள்ளவை. முன்பக்கம் போர்ட் இருந்தால் சுவர்ச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று கடையில் சொல்வார்கள். அது பாதிதான் சரி. பேஸ் எல்லாத் திசையிலும் பரவுவதால், போர்ட் எங்கே இருந்தாலும் சுவர் அதைக் கூட்டவே செய்யும். பின்பக்க போர்ட்டுக்கு மூன்று நாலு இஞ்ச் காற்று இடைவெளி விட்டால் பெரும்பாலும் போதும். அதற்குப் பிறகும் கும்மினால் போர்ட்டில் நுரைப் பஞ்சைச் செருகுங்கள். பல நிறுவனங்கள் பெட்டியோடே அதைத் தருகின்றன. இல்லாவிட்டால் சுத்தமான பருத்தித் துணியைச் சுருட்டி வைத்தும் சோதிக்கலாம், உள்ளே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்டிவ் வாங்கலாமா, பாசிவ் வாங்கி ஆம்ப் தனியாகச் சேர்க்கலாமா?

ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிக்குள்ளேயே இருந்தால் ஆக்டிவ், வெளியே தனியாக வேண்டுமென்றால் பாசிவ். வீட்டில் நல்ல ஆம்ப் ஏற்கெனவே இல்லையென்றால் ஆக்டிவ். இட மிச்சம் ஒரு காரணம். அதைவிட முக்கியம், சுவரோரம் வைப்பதற்கான திருத்தம் பெட்டியின் பின்புறத்திலேயே கிடைப்பது. யமஹா எச்எஸ்5இல் ‘ரூம் கன்ட்ரோல்’ என்ற சுவிட்ச் தாழ்ந்த ஒலிகளை 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும். ஜேபிஎல் 305பி மார்க் 2இலும் இதே போல ஒன்று உண்டு. காலி எல்பி-6இல் சுவரோரம், மேசை மேல் என்று எங்கே வைத்திருக்கிறீர்களோ அந்தப் படத்தைப் பார்த்துச் சுவிட்சைத் தள்ளினால் சரி. ஜெனெலெக் 8010 மூன்று இஞ்ச் வூஃபர் கொண்ட குட்டி, அதிலும் மேசைக்கெனத் தனித் திருத்தம் இருக்கிறது.

இவை ஸ்டுடியோ மானிட்டர்கள், பாட்டு ரசிக்க உதவாது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். நல்ல பதிவை நல்லதாகவும் மோசமானதை மோசமாகவும் காட்டும், அவ்வளவுதான். ஒரு சங்கடம் மட்டும் உண்மை. விலை குறைந்த ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் ட்வீட்டரிலிருந்து எப்போதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெல்லிய இரைச்சல் வரும். கிட்ட உட்காரும்போது இரவில் அது தெரியும். வாங்கும் முன் பாட்டு இல்லாமல் காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

எத்தனை வாட் வேண்டும்?

மிகக் கொஞ்சம். 85 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் தரும். ஜோடியாகப் பாடும்போது அது 88 ஆகிறது. நிதானமாகக் கேட்கும் சராசரி 75 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தனி ஆவர்த்தனத்தில் ஒரு அடி அதைவிட 20 டெசிபல் மேலே எகிறினால் 95. அந்த நொடிக்கு வேண்டியது ஸ்பீக்கருக்கு 5 வாட். 20, 30 வாட் உண்மையான ஆம்ப் இருந்தால் தாராளம்.

‘உண்மையான’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெட்டியில் 2000 வாட் பிஎம்பிஓ (கண நேர உச்சம்) என்று அச்சடித்திருந்தால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய வாட், அதாவது ஆர்எம்எஸ், எவ்வளவு என்று கேளுங்கள். கிட்ட உட்கார்ந்து கேட்பதால் காதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதற்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலே சொன்ன 75 அதற்குள் அடங்கும்.

சரி, வாங்கியாயிற்று. எங்கே வைப்பது?

விலையைவிட இதுதான் பெரிது. பத்துக்கு எட்டு அறை என்றால் எட்டடிச் சுவரில் ஸ்பீக்கர் இருக்கட்டும், நீளவாக்கில் பாடட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே மூன்று முதல் மூன்றரை அடி. உங்கள் தலைக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதே தூரம். ட்வீட்டர் காது உயரத்தில், முகத்தை நோக்கி லேசாகத் திரும்பியபடி.

எங்கே உட்காருவது? அறையின் நட்டநடுவில் மட்டும் வேண்டாம். 57 ஹெர்ட்ஸ் அலை சுவரோரம் பருத்து நடுவில் பூஜ்யமாகிவிடும். பத்தடி நீளத்தில் ஐந்தாவது அடியில் நாற்காலி போட்டால் அந்த பேஸ் உங்களுக்குக் கேட்கவே கேட்காது. பின்சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தால் அதுவே தலைக்கு மேல் கொட்டும். ஸ்பீக்கர் உள்ள சுவரிலிருந்து நீளத்தில் 38 விழுக்காடு தள்ளி உட்காருவது ஒரு நல்ல தொடக்கம். பத்தடிக்கு அது நாலடிக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து அரை அடி முன்னே பின்னே நகர்ந்து கேளுங்கள். சின்ன அறையில் அரை அடியே பெரிய மாற்றம்.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்கச் சொல்லும் அறிவுரை பெரிய அறைக்கானது. ஸ்பீக்கரின் முகம் அதற்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதைப் போல நாலு மடங்கு அலைநீளம் உள்ள ஒலி, சுவரில் பட்டுத் திரும்பும்போது நேர் ஒலியை அடித்துவிடும். மூன்றடி தள்ளினால் 94 ஹெர்ட்ஸில் பள்ளம், இரண்டடியில் 141 ஹெர்ட்ஸ். இவை ஆண் குரலும் மிருதங்கமும் வாழும் இடம். சுவரை ஒட்டி வைத்து முகம் 8 இஞ்ச் தூரத்தில் இருந்தால் பள்ளம் 425 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அங்கே வூஃபர் ஓரளவு முன்னோக்கியே பாடுவதால் பள்ளத்தின் ஆழமும் குறையும். பின்னால் தடித்த ஒலி உறிஞ்சி ஒன்றை வைத்தும் அதைச் சமாளிக்கலாம். கூடுகிற பேஸைச் சுவிட்சில் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே இந்த அறையில் ஸ்பீக்கரை அதன் பின்னால் உள்ள சுவரை ஒட்டி வையுங்கள் என்பதே என் பரிந்துரை. மூலையில் மட்டும் திணிக்காதீர்கள். அந்தச் சுவருக்கும் பக்கச் சுவருக்கும் ஒரே தூரம் அமைவதையும் தவிருங்கள், இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழும்.

மேசை மேல் வைத்தால் குரல் ஏதோ குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறதே?

மேசைப் பலகை ஒலியைத் திருப்பி அனுப்புவதால் வரும் கோளாறு அது. ஸ்பீக்கரைப் பலகையின் முன் விளிம்புக்கு இழுங்கள். சின்ன ஸ்டாண்ட் வைத்து ட்வீட்டரைக் காது உயரத்துக்கு ஏற்றுங்கள், முடியாவிட்டால் அடியில் ஆப்பு கொடுத்து மேல்நோக்கிச் சாயுங்கள். மேசையே சேர்ந்து அதிர்ந்தால் அடியில் தடித்த ரப்பர் துண்டுகள் உதவும். மேசைக்குப் பின்னால் தனி ஸ்டாண்டில் வைக்க முடிந்தால் அதுவே மேல்.

ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் ஜன்னல். என்ன செய்வது?

நடு ஒலிகளுக்கு இடமும் வலமும் ஒத்திருப்பது முக்கியம். இல்லாவிட்டால் பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்வார். ஸ்டீல் பீரோவைக் கேட்கும் இடத்துக்குப் பின்னால் நகர்த்த முடியுமா பாருங்கள். அதன் கதவுகள் சில சுருதிக்குக் கிணுகிணுவென்று அதிரும் என்பதால், உள்ளே துணியை நெருக்கமாக அடுக்குவதும் கதவு இடுக்கில் ஃபெல்ட் ஒட்டுவதும் பலன் தரும். ஜன்னலுக்குத் தடித்த திரை. புத்தக அலமாரி பக்கவாட்டிலோ பின்னாலோ இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அது அறைக்கு நல்லதே செய்கிறது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் ஒலி சரியாகுமா?

ஆகாது. முட்டை அட்டை கிட்டத்தட்ட ஒன்றுமே செய்வதில்லை, தூசியும் பல்லியும்தான் சேரும். இணையத்தில் விற்கும் ஒரு இஞ்ச் கறுப்பு நுரை மேல் ஒலிகளை மட்டும் தின்னும். அறை முழுக்க அதை ஒட்டினால் வீணையின் நாதம் மங்கிப்போகும், பேஸ் மட்டும் அப்படியே கும்மிக்கொண்டிருக்கும். இருந்ததைவிட மோசம்.

கைதட்டிப் பாருங்கள். ‘டிர்ர்’ என்று அதிர்ந்து அடங்கினால் வெற்றுச் சுவர்களுக்கிடையே எதிரொலி ஓடுகிறது என்று பொருள். தரைக்கு ஜமுக்காளம் அல்லது கனமான விரிப்பு, ஜன்னலுக்குத் திரை, ஒரு மெத்தை, இவையே அதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். அப்புறம், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒருவரைப் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ அந்த இடத்தில் நாலு இஞ்ச் கனமுள்ள ராக்வூல் (கல்லிழைக் கம்பளி) பலகை ஒன்றை மாட்டலாம். மரச்சட்டத்தில் அடைத்துக் காடாத் துணி சுற்றினால் வீட்டிலேயே செய்யலாம். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், அதன் இழை தோலையும் தொண்டையையும் அரிக்கும்.

பேஸுக்கு என்றால் கனம்தான் மருந்து. 57 ஹெர்ட்ஸின் கால் அலைநீளம் ஒன்றரை மீட்டர், அவ்வளவு கனமாக வீட்டில் எதையும் வைக்க முடியாது. மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை ஓரடி கனத்துக்கு ராக்வூல் அடுக்கினால் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரியும், அதற்குக் கீழே ஓரளவுதான். பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் பரணில் கிடந்தால் அவற்றை மூலையில் நிறுத்திப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

சப்வூஃபர் சேர்க்கலாமா?

முதல் ஆறு மாதம் இல்லாமல் கேளுங்கள். அறை தானே எவ்வளவு பேஸ் தருகிறது என்று காது பழகிய பிறகு முடிவெடுக்கலாம். வேண்டும் என்று தோன்றினால் எட்டு இஞ்ச், மூடிய பெட்டி. அதை நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, தரையோரமாகத் தவழ்ந்து எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அந்த இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். ஒலி இரண்டு திசையிலும் ஒரே மாதிரிப் பயணம் செய்வதால் இந்தச் சோதனை சரியாக வேலை செய்யும். கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது. தாழ்ந்த ஒலி கான்கிரீட் தளத்தின் வழியே அவர் படுக்கையறைக்குப் போய்ச் சேரும்.

ஈக்யூ (ஒவ்வொரு சுருதியின் அளவையும் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டுச் சரிசெய்வது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லவே இல்லை. சின்ன அறையில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் அது ஒன்று. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக் ஒன்றைக் கணினியில் செருகினால் உங்கள் அறையின் மேடுபள்ளம் கோடாகத் திரையில் தெரியும். விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ வழியாக அதைத் திருத்தலாம், அதுவும் இலவசம்.

மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். 57 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் மேடு இருந்தால் தயங்காமல் குறைக்கலாம். பள்ளம் என்பது இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம். நீங்கள் எவ்வளவு கூட்டினாலும் அழிக்கிற அலையும் சேர்ந்தே கூடும். 10 டெசிபல் கூட்டினால் ஆம்ப்புக்குப் பத்து மடங்கு சுமை, பலனோ இல்லை. பள்ளத்துக்கு மருந்து ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவதுதான். 300 ஹெர்ட்ஸுக்கு மேலே கை வைக்காமல் இருப்பதும் நல்லது.

பாட்டு இல்லாதபோதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றினால் சத்தம் நிற்கிறதா? அப்படியானால் எர்த் வழியாக ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். ஸ்பீக்கரில் பேலன்ஸ்டு இன்புட் (இரைச்சலைத் தடுக்கும் மூன்று கம்பி இணைப்பு) இருந்தால், அதே போன்ற அவுட்புட் உள்ள ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸை வாங்கி பேலன்ஸ்டு கேபிளால் இணையுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுவது சிலருக்கு வழக்கம், உயிருக்கே ஆபத்து, செய்யவே கூடாது. மின்தடையின்போது மட்டும் சத்தம் வந்தால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டரில் ஆம்ப் முனகும், சைன் வேவ் வகையில் அந்தத் தொல்லை குறைவு.

இதைச் சொல்லும்போது மின்விசிறியையும் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் அது முழு வேகத்தில் சுற்றும்போது தம்புராவின் நுண்மையெல்லாம் அதில் கரைந்துபோகும். அறையை முன்கூட்டியே குளிரவைத்துவிட்டு, கேட்கும் நேரத்தில் விசிறியைக் குறைத்து வைப்பது எந்தக் கேபிள் மாற்றத்தையும்விட அதிகம் தரும்.

பழைய ஸ்பீக்கர் வாங்கலாமா?

வாங்கலாம், சின்ன அறைக்கு அருமையான மூடிய பெட்டிகள் பழைய சந்தையில்தான் அதிகம். வூஃபரின் ஓரத்தில் உள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுரை வளையம் என்றால் சூட்டிலும் ஈரப்பதத்திலும் உதிர்ந்துபோயிருக்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். ரப்பர் வளையம் பல்லாண்டு தாங்கும். ட்வீட்டர் இரண்டும் ஒரே அளவில் பாடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கோனில் பூஞ்சைப் புள்ளிகள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சவுண்ட்பார் அல்லது 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) வைத்தால்?

படம் பார்க்க சவுண்ட்பார் போதும். ஸ்டீரியோ இசைக்கு அது ஈடாகாது. 5.1க்கு இந்த அறையில் இடமில்லை, பின் ஸ்பீக்கர்கள் காதில் இடிக்கும்.

கடையில் கேட்டுப் பார்த்து வாங்கினால் போதாதா?

கடையின் அறை வேறு, உங்கள் அறை வேறு. இருந்தாலும் கேட்பது வீணில்லை. எதைக் கேட்பது என்று தெரிந்து போங்கள். மூன்றரை அடியில் நாற்காலி போட்டுத் தரச் சொல்லுங்கள், தயங்கினாலும் விடாதீர்கள். நன்றாகப் பழகிய ஒரு குரலைப் போடுங்கள். வார்த்தைகள் தெளிவாக இருக்கின்றனவா, ‘ச’ வரும் இடங்கள் காதைக் கீறாமல் இருக்கின்றனவா, குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரே ஆளாக நிற்கிறதா என்று கவனியுங்கள். ஒலியைப் பாதியாகக் குறைத்தும் கேளுங்கள். அப்போதும் பாட்டில் உயிர் இருந்தால் அது சின்ன அறைக்கு ஏற்ற ஸ்பீக்கர். பேஸை அங்கே எடைபோட வேண்டாம், வீட்டில் அது முழுக்க மாறிவிடும்.

திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளுக்குள் என்று ரசீது போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே குரலை அதே அளவில் போட்டு, முதலில் சுவரை ஒட்டியும் பிறகு அரை அடி தள்ளியும், நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தியும் கேளுங்கள். எந்த இடத்திலும் குரல் தெளியவில்லை என்றால் அந்தக் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.